பழைய நிகழ்படத் தொகுப்பு மென்பொருளைப் புதிய இயங்குதளத்தில் இயக்குதல்

பழைய நிகழ்படத் தொகுப்பு மென்பொருளைப் புதிய இயங்குதளத்தில் இயக்குதல் என்பது, முந்தைய இயங்குதளம் ஒன்றுக்காக எழுதப்பட்ட நிகழ்படத் தொகுப்பு மென்பொருளை, அதற்குப் பின் வெளிவந்த இயங்குதளத்தில் நிறுவி, பழைய திட்டக் கோப்புகளைத் திறந்து பயன்படுத்தும் முறைகளைக் குறிக்கும். சொற்செயலி, கணக்கேடு போன்ற பிற மென்பொருள்களை விட நிகழ்படத் தொகுப்பு மென்பொருள்களில் இச்சிக்கல் கடினமானது. அவை வன்பொருள் அட்டைகள், சாதன இயக்கிகள், கோடெக்குகள், எழுத்துருக்கள், உரிமச் சோதனை ஆகிய பலவற்றை ஒரே நேரத்தில் சார்ந்திருப்பதே இதற்குக் காரணமாகும். இவற்றுள் ஒன்று தவறினாலும் மென்பொருள் இயங்காது. அல்லது இயங்கியும் படம் தெரியாது.

தமிழ்நாட்டில் இச்சிக்கலைப் பெரும்பாலும் எதிர்கொள்வோர் திருமணம், காதணி விழா, கோயில் திருவிழா ஆகியவற்றைப் படம்பிடிக்கும் சிறு நகர ஒளிப்பட நிலையத்தார் ஆவர். திண்டுக்கல் நகரமும் அதைச் சூழ்ந்த சமவெளி ஊர்களும் இதற்கு எடுத்துக்காட்டாக இக்கட்டுரையில் கொள்ளப்படுகின்றன.

மூன்று பகுதிகள்

ஒரு நிகழ்படத் தொகுப்பு மூன்று தனித்தனிப் பகுதிகளைக் கொண்டது. இவற்றைப் பிரித்து அறிவது இச்சிக்கலைப் புரிந்துகொள்வதற்கு முதற்படியாகும்.

- மூலப்படம்: நிகழ்படக் கருவியில் பதிவாகி, கேசட்டிலோ வன்வட்டிலோ உள்ள படமும் ஒலியும்.
- நிரல்: தொகுப்பு மென்பொருள்.
- திட்டக் கோப்பு: எந்தக் காட்சி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அடுத்து எது வருகிறது, எந்தப் பாடல் எங்கே ஒலிக்கிறது, எந்தத் தலைப்பு எவ்வளவு நேரம் தோன்றுகிறது என்னும் முடிவுகளின் பதிவு.

மூலப்படத்தை வேறு வட்டுக்குப் படியெடுத்துவிடலாம். நிரலுக்கு மாற்றாக வேறொரு நிரலை வாங்கலாம். ஆனால் திட்டக் கோப்பைப் பெரும்பாலும் அதை எழுதிய நிரலைத் தவிர வேறெதுவும் முழுமையாகப் படிப்பதில்லை. பல நாள் உழைப்பு அடங்கியிருப்பதும் அதிலேயே ஆகும். திட்டக் கோப்பின் அளவு மிகச் சிறியது. அதனுள் படம் இல்லை, படம் உள்ள கோப்புகளின் முகவரி மட்டுமே உண்டு. எனவே பழைய மென்பொருளைப் புதிய கணினியில் இயக்குவதன் நோக்கம், பெரும்பாலான வேளைகளில், அதிலேயே தொடர்ந்து பணியாற்றுவதன்று. திட்டக் கோப்பில் அடைபட்டுள்ளதை ஒருமுறை வெளியே எடுப்பதே ஆகும்.

தமிழ்நாட்டுப் பின்னணி

தமிழ்த் திரைப்படத் துறையில் கணினிவழித் தொகுப்பு 1990களில் அறிமுகமானது. 1994 ஆம் ஆண்டு பொங்கலன்று வெளியான மகாநதி, அவிட் தொகுப்பு முறையைப் பயன்படுத்திய முதல் இந்தியத் திரைப்படமாகப் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. அக்காலத்தில் அத்தகைய கருவிகளின் விலை சிறு நிலையங்களுக்கு எட்டாததாக இருந்தது. திருமண நிகழ்படங்கள் வி.எச்.எஸ். நாடாவில் பதியப்பட்டு, ஒரு கருவியிலிருந்து மற்றொரு கருவிக்கு, இடையே வீடியோ மிக்சர் வைத்துப் படியெடுத்துத் தொகுக்கப்பட்டன.

1995 ஆம் ஆண்டில் டி.வி. வடிவமும் மினி டி.வி. கேசட்டும் அறிமுகமாயின. ஃபயர்வயர் என அழைக்கப்படும் ஐ.இ.இ.இ. 1394 இணைப்பின் வழியாகப் படத்தைத் தரம் குறையாமல் கணினிக்குக் கொண்டுவர இயன்றது. இச்செயல் தொழிலில் கேப்சர் எனப்படுகிறது. 2001 ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியும், அடோபி பிரீமியர், யூலீட், பினக்கிள் ஸ்டுடியோ, கனோபஸ் நிறுவனத்தின் எடியஸ் போன்ற மென்பொருள்களும் இத்தொழிலைச் சிறு நகரங்களுக்குக் கொண்டுவந்தன. திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், நத்தம், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு போன்ற ஊர்களின் ஒளிப்பட நிலையங்களில் ஒரு கணினி, ஒரு கேப்சர் அட்டை, ஒரு வட்டெழுதி ஆகியவற்றைக் கொண்டு திருமண நிகழ்படங்களைத் தொகுக்க முடிந்தது. தொகுத்த படம் வீடியோ சி.டி.யாகவும், பின்னர் டி.வி.டி.யாகவும் குடும்பத்தாருக்கு வழங்கப்பட்டது.

வீடியோ சி.டி.யின் படப்பரப்பு 352 × 288 படப்புள்ளிகள் மட்டுமே. அதே நிகழ்வின் மினி டி.வி. மூலப்படம் 720 × 576 படப்புள்ளிகளைக் கொண்டது. அதாவது நான்கு மடங்குக்கும் மேலான விவரம் உடையது. எழுதப்பட்ட வட்டுகள் ஆண்டுகள் செல்லச்செல்லப் படிக்க இயலாதவை ஆகின்றன. ஆகவே இருபது ஆண்டுகளுக்கு முந்தைய திருமணம் ஒன்றில் இடம்பெற்று, இப்போது உயிருடன் இல்லாத பாட்டனார் ஒருவரின் அசையும் படத்தைக் குடும்பத்தார் மீண்டும் கேட்கும்போது, நல்ல தரத்தில் அதை அளிக்க வழியாக எஞ்சியிருப்பது நிலையத்தில் உள்ள கேசட்டும் பழைய வன்வட்டில் உள்ள திட்டக் கோப்புமே ஆகும்.

இயங்காமைக்கான காரணங்கள்

16-பிட், 32-பிட், 64-பிட் வேறுபாடு

64-பிட் விண்டோஸ் இயங்குதளங்கள் 32-பிட் நிரல்களை வாவ்64 என்னும் துணைத்தளத்தின் மூலம் இயக்குகின்றன. ஆனால் 16-பிட் நிரல்களை இயக்குவதில்லை. 1990களின் பல மென்பொருள்கள் தாம் 32-பிட்டாக இருப்பினும், அவற்றின் நிறுவல் நிரல் மட்டும் 16-பிட்டாக இருந்தது. இத்தகைய மென்பொருள் வட்டிலிருந்து நிறுவவே இயலாமல் போகும். வேறு வழியில் நிறுவப்பட்டால் இயங்கவும் கூடும். விண்டோஸ் 10 வரை 32-பிட் பதிப்பு ஒன்று கிடைத்தது. 2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, 64-பிட்டாக மட்டுமே வழங்கப்படுகிறது.

சாதன இயக்கிகள்

நிரலின் 32-பிட் தன்மையை இயங்குதளம் பொறுத்துக்கொள்ளும். சாதன இயக்கியின் 32-பிட் தன்மையைப் பொறுத்துக்கொள்ளாது. சாதன இயக்கி இயங்குதளக் கருவினுள் இயங்குவதால், 64-பிட் இயங்குதளத்துக்கு 64-பிட் இயக்கி கட்டாயமாகும். மேலும் 2007 இல் பொதுப் பயனருக்கு வெளியான விண்டோஸ் விஸ்டாவின் 64-பிட் பதிப்பு முதல், எண்மக் கையொப்பமிடப்பட்ட இயக்கிகளே ஏற்கப்படுகின்றன. உற்பத்தியாளர் புதிய இயக்கியை வெளியிடாத கேப்சர் அட்டை, பழுதின்றி இருப்பினும் பயனற்றதாகிறது.

அட்டைப் பொருத்தி

கனோபஸ் டிவிஸ்டோர்ம், மேட்ராக்ஸ் ஆர்டி.எக்ஸ்100 போன்ற அட்டைகள் பழைய பி.சி.ஐ. பொருத்திக்காக உருவாக்கப்பட்டவை. இன்றைய தாய்ப்பலகைகளில் பெரும்பாலும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பொருத்திகளே உள்ளன. இவ்விரண்டும் பெயரளவில் ஒத்திருந்தாலும் ஒன்றில் மற்றொன்று பொருந்தாது. இத்தகைய அட்டையுடன் இணைத்து விற்கப்பட்ட மென்பொருள், அட்டை இல்லாத கணினியில் தொடங்க மறுப்பதும் உண்டு.

கோடெக்குகள்

கோடெக் என்பது படத்தைச் சுருக்கவும் விரிக்கவும் பயன்படும் நிரற்கூறு ஆகும். 64-பிட் நிரல் ஒன்று 32-பிட் கோடெக்கைத் தன்னுள் ஏற்ற இயலாது. இதனால் ஒரே கணினியில், ஒரே கோப்பு, பழைய நிரலில் ஓடிப் புதிய நிரலில் ஓடாமல் இருக்கலாம். இண்டியோ, சினிபேக் போன்ற 1990களின் கோடெக்குகள் காலப்போக்கில் கைவிடப்பட்டன. பாதுகாப்புக் குறைபாடுகள் காரணமாக 2009 டிசம்பரில் மைக்ரோசாப்ட் தன் பழைய இயங்குதளங்களில் இண்டியோவின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. பல தொகுப்பு மென்பொருள்கள் சார்ந்திருந்த விண்டோஸுக்கான குவிக்டைமுக்கு ஆப்பிள் நிறுவனம் 2016 ஆம் ஆண்டில் ஆதரவை நிறுத்தியது.

டி.வி. கோப்புகளிலும் இரு வகைகள் உண்டு. முதல் வகையில் ஒலி, படத்துடன் ஒரே ஓடையாகக் கலந்திருக்கும். இரண்டாம் வகையில் ஒலி தனி ஓடையாகவும் இருக்கும். பழைய நிரல்கள் சில இரண்டாம் வகையை மட்டுமே ஏற்கும். படம் வந்து ஒலி வராதபோது முதலில் ஐயுற வேண்டியது இதனையே.

அனுமதிகளும் திரைக்காட்சியும்

எக்ஸ்பி காலத்து நிரல்கள், பயனர் முழு நிர்வாகி உரிமையுடன் இருப்பார் எனக் கருதி எழுதப்பட்டவை. அவை தம் அமைப்புகளைத் தாம் நிறுவப்பட்ட அடைவிலேயே எழுத முற்படும். விஸ்டா முதல் இதற்குத் தடை உள்ளது. எழுதப்பட்டவை பயனரின் கணக்கிலுள்ள வேறோர் அடைவுக்குத் திருப்பப்படும். சேமித்த அமைப்புகள் காணாமற்போனதாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

முன்னோட்டச் சாளரத்தில் படத்தைக் காட்டப் பழைய நிரல்கள் சில, வன்பொருள் மேற்பரப்பு என்னும் முறையைக் கையாண்டன. விண்டோஸ் 8 முதல் திரைக் கலப்பு முறையை நிறுத்தி வைக்க இயலாது. எனவே அத்தகைய நிரலில் ஒலி மட்டும் கேட்டு, சாளரம் கருமையாக இருக்கலாம். வட்டிலுள்ள வெற்றிடத்தை 32-பிட் எண்ணாகக் கணக்கிடும் நிரல்கள், மிகப்பெரிய வட்டுகளைக் கண்டு 'இடம் இல்லை' எனப் பிழை காட்டுவதும் உண்டு. சிறிய வட்டுப் பிரிவு ஒன்றை உருவாக்குவது இதற்குத் தீர்வாகும்.

உரிமச் சோதனை

மென்பொருளின் உரிமத்தைச் சோதிக்க டாங்கிள் எனப்படும் பூட்டுச் சாதனமோ, இணையவழிச் செயலாக்கமோ பயன்படுகிறது. பூட்டுத் தொழிலுக்குப் பெயர்பெற்ற திண்டுக்கல்லின் வாசகருக்கு இதனை எளிதில் விளக்கலாம்: சாவி கையில் இருந்தும், அதை நுழைக்கும் துளை புதிய கதவில் இல்லை. இணைத்துறையில் பொருத்தப்படும் டாங்கிளுக்கு இன்றைய கணினியில் இடமில்லை, யு.எஸ்.பி. டாங்கிளுக்கு இடமிருந்தாலும் இயக்கி இல்லாமற் போகலாம். இணையவழிச் செயலாக்கத்தில், வழங்கி நிறுத்தப்பட்டால் உரிமம் உள்ளவரும் மென்பொருளைத் திறக்க இயலாது. அடோபி நிறுவனம் தன் சி.எஸ்.2 தொகுதிக்கான செயலாக்க வழங்கியை நிறுத்தியபோது, 2013 ஜனவரியில், முன்பே உரிமம் பெற்றவர்களுக்காகச் செயலாக்கம் தேவைப்படாத பதிப்பை வெளியிட்டது.

தமிழ்த் தலைப்புகளும் எழுத்துருக் குறியாக்கமும்

இச்சிக்கலில் தமிழுக்கே உரிய ஒரு பகுதியும் உண்டு. மணமக்களின் பெயர், நாள், மண்டபம், வாழ்த்து ஆகியவற்றைத் திரையில் காட்டும் தலைப்புகள் 2000களில் பெரும்பாலும் ஒருங்குறியில் எழுதப்படவில்லை. ஒருங்குறியில் தமிழ் 1991 ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே இடம்பெற்றிருந்தது. விண்டோஸ் 2000 முதல் மைக்ரோசாப்ட் இயங்குதளத்தில் அதற்கு ஆதரவும் இருந்தது. ஆயினும் தொகுப்பு மென்பொருள்களின் தலைப்பு எழுதும் கருவிகள் பல, எழுத்துகளை இடமாற்றிக் கோக்கும் திறன் அற்றவையாக இருந்தன. அவற்றில் 'பொன்னி' என ஒருங்குறியில் எழுதினால், கொம்பு பகரத்துக்கு முன்னே வராமல் பின்னே வரும்.

ஆகவே பயனர்கள் 8-பிட் எழுத்துருக்களை நாடினர். இவற்றில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளின் வடிவங்கள் வைக்கப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக, பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்ற சொல் கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகளாகவே சேமிக்கப்படுகிறது. எழுத்துரு இருக்கும் வரை திரையில் 'அம்மா' தெரியும். எழுத்துரு இல்லாத புதிய கணினியில் அந்த ஐந்து குறிகளே தெரியும். தகுதரம், தாப், தாம் எனப் பல குறியாக்கங்களும், எழுத்துரு விற்பனையாளர்களின் தனிக் குறியாக்கங்களும் வழக்கில் இருந்தமையால், எது எந்தக் குறியாக்கம் என்பதை எழுத்துருவின் பெயரைக் கொண்டே அறிய வேண்டியுள்ளது. தமிழ்நாடு அரசு 1999 இல் தாம், தாப் குறியாக்கங்களையும், 2010 இல் ஒருங்குறியையும் அனைத்து எழுத்துரு 16-பிட் குறியாக்கத்தையும் தரமாக அறிவித்தது.

ஆகவே பழைய கணினியைக் கைவிடும் முன், அதன் எழுத்துரு அடைவு முழுவதையும் படியெடுத்து வைப்பது இன்றியமையாதது. என்.எச்.எம். மாற்றி போன்ற கருவிகளைக் கொண்டு தலைப்பின் உரையை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றிய பின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்.

இயக்கும் முறைகள்

பொருந்துநிலை

விண்டோஸில் நிரலின் பண்புகள் சாளரத்தில், அதனை எக்ஸ்பி அல்லது விண்டோஸ் 7 இல் இயங்குவது போன்ற நிலையில் இயக்க ஒரு தெரிவு உள்ளது. இது நிரலுக்குப் பழைய பதிப்பு எண்ணைத் தெரிவித்து, அறியப்பட்ட சில வேறுபாடுகளை ஈடுசெய்கிறது. நிர்வாகி உரிமையுடன் இயக்குதல், திரை அளவீட்டை நிரலிடமே விடுதல் ஆகியனவும் அதே சாளரத்தில் உள்ளன. சாதன இயக்கிச் சிக்கலை இம்முறை தீர்ப்பதில்லை.

மெய்நிகர் கணினி

விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் போன்ற மென்பொருள்கள் கணினிக்குள் மற்றொரு கணினியை உருவாக்குகின்றன. அதில் பழைய இயங்குதளத்தையே நிறுவி, பழைய மென்பொருளை அதன் இயல்பான சூழலில் இயக்கலாம். விண்டோஸ் 7 இன் உயர்பதிப்புகளில் இதே முறையில் எக்ஸ்பி நிலை என்னும் வசதியை மைக்ரோசாப்ட் வழங்கியது. திட்டக் கோப்பைத் திறந்து வெளியேற்ற இம்முறை மிக ஏற்றது. ஆனால் விர்ச்சுவல்பாக்ஸ், விஎம்வேர் ஆகியவை ஃபயர்வயர் இணைப்பை உள்ளே கடத்துவதில்லை. எனவே கேப்சர் செய்வதற்கு இவை பயன்படா. வரைவியல் அட்டையின் திறனும் முழுமையாகக் கிடைக்காது.

வைன்

1993 இல் தொடங்கப்பட்டு, 2008 இல் முதல் நிலையான பதிப்பைக் கண்ட வைன், விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் இயக்கும் கட்டற்ற மென்பொருள் ஆகும். 64-பிட் விண்டோஸில் இயங்காத 16-பிட் நிரல்கள் சில, 64-பிட் லினக்ஸில் வைன் வழியாக இயங்குவது குறிப்பிடத்தக்கது. எளிய வெட்டிணைப்பு நிரல்களுக்கு இது பொருந்தும். வன்பொருளுடன் பிணைந்த பெரிய தொகுப்பு மென்பொருள்களுக்குப் பொதுவாகப் பொருந்தாது.

பழைய கணினியைப் பேணுதல்

கேசட்டிலிருந்து படம் எடுக்க இன்னும் நம்பகமான வழி, ஃபயர்வயர் உள்ள பழைய கணினியை அதன் இயங்குதளத்துடன் அப்படியே பேணுவதாகும். வன்வட்டின் முழுப் படிமத்தை எடுத்து வைப்பது, மாற்று மின்வழங்கி ஒன்றைக் கையிருப்பில் கொள்வது, இணைய இணைப்பைத் துண்டித்து வைப்பது ஆகியன இதன் பகுதிகளாகும். புதிய கணினியில் ஃபயர்வயர் அட்டையைப் பொருத்தியும் முயலலாம். விண்டோஸ் 8 முதல் நீக்கப்பட்ட பழைய 1394 இயக்கியை மைக்ரோசாப்ட் தனியாக வெளியிட்டது. சில நிகழ்படக் கருவிகள் அதைக் கொண்டே ஒழுங்காக இயங்குகின்றன. மாக் கணினிகளைப் பொறுத்தவரை, 2025 இல் வெளிவந்த மாக்ஓஎஸ் டாகோ ஃபயர்வயர் ஆதரவை நீக்கிவிட்டது.

இடைப்பதிப்பு வழி

ஒரே மென்பொருளின் புதிய பதிப்பு, பல தலைமுறைக்கு முந்தைய திட்டக் கோப்பை நேரடியாகத் திறக்காதபோது, இடைப்பட்ட பதிப்பு ஒன்றில் திறந்து சேமித்து, பின்னர் அதனைப் புதிய பதிப்பில் திறக்கலாம். பிரீமியர் புரோவின் திட்டக் கோப்பு அடிப்படையில் எக்ஸ்.எம்.எல். உரைக்கோப்பே ஆகும், பிந்தைய பதிப்புகளில் அது சுருக்கி வைக்கப்பட்டுள்ளது. ஆகவே மென்பொருள் திறக்காவிடினும், கோப்பில் உள்ள காட்சிகளின் பெயர்களையும் முகவரிகளையும் உரைத்தொகுப்பான் கொண்டு படிக்க இயலும்.

மாக் இயங்குதளத்தில்

ஆப்பிள் நிறுவனத்தின் ஃபைனல் கட் புரோ 7, 2009 இல் வெளிவந்தது. 2011 ஜூனில் வெளிவந்த ஃபைனல் கட் புரோ எக்ஸ் முற்றிலும் புதிதாக எழுதப்பட்டது. அது ஏழாம் பதிப்பின் திட்டங்களைத் திறக்கவில்லை. 2017 இல் வெளியான மாக்ஓஎஸ் ஹை சியராவில் ஏழாம் பதிப்பு இயங்காது. 2019 அக்டோபரில் வெளியான காட்டலினா, எல்லா 32-பிட் நிரல்களையும் கைவிட்டது. ஏழாம் பதிப்பிலிருந்து எக்ஸ்.எம்.எல். ஆக வெளியேற்றப்பட்ட திட்டங்களைப் பிரீமியர் புரோ, டாவின்சி ரிசால்வ் ஆகியவை இன்றும் ஏற்கின்றன. வெளியேற்றாமல் விடப்பட்டவற்றுக்குப் பழைய மாக் கணினி தேவைப்படுகிறது.

விண்டோஸ் மூவி மேக்கரும் இதற்கு ஒப்பானது. 2000 ஆம் ஆண்டில் விண்டோஸ் மில்லேனியம் பதிப்புடன் தோன்றிய இது, பின்னர் விண்டோஸ் லைவ் மூவி மேக்கர் என மாற்றி எழுதப்பட்டு வேறு திட்டக் கோப்பு வடிவத்தைக் கைக்கொண்டது. 2017 ஜனவரியில் அதன் வழங்கலும் நின்றது. விண்டோஸ் 11 உடன் வரும் கிளிப்சாம்ப் இவ்விரு வடிவங்களையும் திறப்பதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

2006 ஆம் ஆண்டு ஆவணி மாதம் வேடசந்தூரில் நடந்த திருமணம் ஒன்று, 60 நிமிட மினி டி.வி. கேசட்டுகள் மூன்றில் பதிவாகி, எக்ஸ்பி கணினி ஒன்றில் தொகுக்கப்பட்டது எனக் கொள்வோம். டி.வி. வடிவம் விநாடிக்கு ஏறத்தாழ 3.6 மெகாபைட்டு, அதாவது மணிக்கு ஏறத்தாழ 13 கிகாபைட்டு இடத்தை எடுக்கும். மூன்று கேசட்டுகளுக்கு 39 கிகாபைட்டு. அக்காலத்து வன்வட்டுகளில் இது பெரிய அளவாகும். எனவே வேலை முடிந்ததும் மூலப்படத்தை அழித்து, திட்டக் கோப்பையும் கேசட்டையும் மட்டும் வைத்திருப்பது பொதுவான வழக்கமாக இருந்தது. இன்று அந்தக் கணினியின் மின்வழங்கி பழுதடைந்துள்ளது. நிலையத்தில் விண்டோஸ் 11 கணினி ஒன்று உள்ளது. செய்யத்தக்கவை வருமாறு:

1. பழைய வன்வட்டைக் கழற்றி, யு.எஸ்.பி. மாற்றி மூலம் புதிய கணினியில் இணைத்து, முழுப் படிமம் எடுத்தல். எழுத்துரு அடைவு இதில் அடங்கியுள்ளதா எனப் பார்த்தல். அதன் பின் மூல வட்டில் எதையும் எழுதாதிருத்தல்.
2. மெய்நிகர் கணினியில் எக்ஸ்பியை நிறுவி, பிணைய இணைப்பை அணைத்து, தொகுப்பு மென்பொருளையும் பழைய எழுத்துருக்களையும் நிறுவுதல்.
3. ஃபயர்வயர் உள்ள கணினி ஒன்றில் கேசட்டுகளை மீண்டும் கேப்சர் செய்தல். மினி டி.வி. கேசட்டில் ஒவ்வொரு படச்சட்டத்துக்கும் காலக்குறி பதிவாகியிருப்பதால், திட்டக் கோப்பு கேட்கும் அதே சட்டங்களை மீண்டும் பெற இயலும். பதிவின் இடையே காலக்குறி அறுந்து சுழியத்திலிருந்து மீண்டும் தொடங்கியிருந்தால், அப்பகுதிகளைக் கையால் பொருத்த வேண்டும்.
4. கோப்புகளைப் பழைய பெயரிலும் பழைய அடைவிலும் வைத்தல். முன்பு அவை 'இ' வட்டில் இருந்திருந்தால், மெய்நிகர் கணினியிலும் 'இ' என்ற எழுத்தையே வட்டுக்கு அளித்தல். இதனால் 'கோப்பு எங்கே' என்ற கேள்வி பெரும்பாலும் எழாது.
5. திட்டக் கோப்பின் படியைத் திறந்து, தலைப்புகளையும் பாடல் இடங்களையும் பழைய வீடியோ சி.டி.யுடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தல்.

திட்டத்தை வெளியேற்றுதல்

பழைய மென்பொருள் ஒருமுறை திறந்தவுடன் செய்ய வேண்டியது, அடுத்த தலைமுறை மாற்றத்தில் இதே உழைப்பு மீண்டும் தேவைப்படாதவாறு உள்ளடக்கத்தை வெளியேற்றுவதாகும்.

- முழுத் தொகுப்பையும் டி.வி. வடிவத்திலேயே ஒரு கோப்பாக எழுதுதல். வெட்டி இணைத்த பகுதிகள் தரம் குறையாமல் அப்படியே படியெடுக்கப்படும். விளைவுகள் சேர்த்த பகுதிகள் மட்டும் மீண்டும் சுருக்கப்படும். எஃப்.ஏ.டி.32 வட்டில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்டாது என்பதால், என்.டி.எஃப்.எஸ். வட்டில் எழுத வேண்டும்.
- தொகுப்பு முடிவுப் பட்டியலை உரைக்கோப்பாக எழுதுதல். சி.எம்.எக்ஸ். 3600 வடிவம் மிகப் பழையது எனினும் எளிமை காரணமாக இன்றும் பல மென்பொருள்களால் படிக்கப்படுகிறது. இது வெட்டுகளையும் காலக்குறிகளையும் காக்கும். தலைப்புகளையும் பெரும்பாலான விளைவுகளையும் காக்காது.
- தலைப்புகளின் உரையை ஒருங்குறியில் தனிக் கோப்பாக வைத்தல்.
- குடும்பத்தாருக்கு வழங்க எச்.264 வடிவில் ஒரு படியை உருவாக்குதல். இதற்கு எஃப்.எஃப்.எம்பெக் அல்லது அதனைச் சார்ந்த கட்டற்ற மென்பொருள்களைப் பயன்படுத்தலாம்.

இந்த மாற்றத்தில் இரு பிழைகள் அடிக்கடி நேர்கின்றன. டி.வி. படம் பின்னற் புலங்களைக் கொண்டது. அதில் கீழ்ப்புலம் முதலில் வரும். வரிசை மாற்றிக் கொடுத்தால் அசைவுகள் நடுங்கும். மேலும் 720 × 576 என்னும் படம் 4:3 விகிதத்தில் காட்டப்பட வேண்டியது. சதுரப் படப்புள்ளிகளில் அதன் சரியான அளவு 768 × 576 ஆகும். இதைக் கவனியாவிடில் படத்தில் உள்ள அனைவரும் சற்று மெலிந்து காணப்படுவர்.

சட்டமும் பாதுகாப்பும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இன் 52 ஆம் பிரிவு, கணினி நிரல் ஒன்றை முறைப்படி வைத்திருப்பவர், இழப்புக்கும் சேதத்துக்கும் எதிரான தற்காலிகப் பாதுகாப்பாகக் காப்புப் படி எடுப்பதை அனுமதிக்கிறது. தொழில்நுட்பப் பாதுகாப்பு முறைகளை உடைப்பது குறித்து 2012 ஆம் ஆண்டின் திருத்தம் 65ஏ பிரிவைச் சேர்த்தது. உரிமச் சோதனை நீக்கப்பட்டதாகக் கூறி இணையத்தில் கிடைக்கும் படிகள் சட்டத்துக்குப் புறம்பானவை என்பதோடு, தீநிரல்களையும் கொண்டிருக்கக்கூடும். மூல வட்டையும், உரிம எண் அச்சிட்ட உறையையும் பேணுவது இதனால் முக்கியத்துவம் பெறுகிறது.

விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும், விண்டோஸ் 7 க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10 க்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோசாப்டின் பொது ஆதரவு முடிந்தது. இவற்றில் தொகுப்புப் பணி செய்வோர் அக்கணினியை இணையத்தில் இணைக்காமல் வைத்து, கோப்புகளை வெளிவட்டு மூலம் மட்டும் கடத்துவது பொருத்தமானது.

காலம் தேர்தல்

மென்பொருள் மாற்றத்தை முகூர்த்த நாட்கள் நிறைந்த மாதங்களில் மேற்கொள்வது இடர் மிக்கது. ஆடி, மார்கழி ஆகிய மாதங்களில் தமிழ்நாட்டில் திருமணங்கள் மிகக் குறைவு. இவையே இப்பணிக்கு ஏற்ற காலம். பழைய கணினி இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும்போதே வெளியேற்றுவது எளிது. அது நின்ற பின் செய்ய முற்பட்டால், மேற்கூறிய ஒவ்வொரு படியும் தனித்தனி ஆய்வாக மாறும். கேசட்டும் அதனை ஓட்டும் நிகழ்படக் கருவியும் நாளுக்கு நாள் தேய்கின்றன. புதிய மினி டி.வி. கருவிகள் தற்போது உற்பத்தி செய்யப்படுவதில்லை. ஆகவே மென்பொருளை விட முந்திக் கவனிக்கப்பட வேண்டியது கேசட்டே ஆகும்.

இவற்றையும் பார்க்க

- நிகழ்படத் தொகுப்பு
- மெய்நிகர் கணினி
- கோடெக்
- தமிழ் எழுத்துருக் குறியாக்கம்
- ஒருங்குறி
- எண்மப் பாதுகாப்பு
- திண்டுக்கல்